அட்டையில் மட்டும் திரும்பிய சக்கரம்

மின்சார விதிகளில் ஒரு விதி உண்டு. நுகர்வோரின் இடத்தில் கொடுக்கும் மின்சாரம், கொடுப்பதாக அறிவித்த வோல்டேஜிலிருந்து நூற்றுக்கு ஐந்துக்கு மேல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நானூறு என்று அறிவித்தால் முந்நூற்று எண்பதுக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்க வேண்டுமானால் நுகர்வோர் எழுத்து மூலம் சம்மதிக்க வேண்டும். அல்லது அரசாங்கம் முன்கூட்டியே அனுமதிக்க வேண்டும். 'இயன்றவரை' என்ற சொல் அதில் கிடையாது. எங்கள் இலாகாவில் இப்படி வழுக்காத வாக்கியம் அபூர்வம். அதனால்தான் அதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

செஞ்சி வட்டாரத்தில் எந்த விவசாயியும் 'என் மோட்டாரை எரித்துக்கொள்ளுங்கள்' என்று எழுதிக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

அந்த விதிப் புத்தகத்தின் மேல்தான் ஜப்பார் பாய் கருகிய மோட்டாரைக் கொண்டுவந்து வைத்தார். அலங்காரமாகச் சொல்லவில்லை. புத்தகம் என் மேஜையில் இருந்தது. மோட்டாரின் வெளிக்கூட்டைச் சைக்கிள் கேரியரிலிருந்து அவிழ்த்து, தோளில் தூக்கி வந்து, அதன் மேலேயே வைத்தார். மேஜைக் கால் முனகியது.

"மோந்து பாரு சார்" என்றார்.

"என்ன பாய் இது?"

"மோந்து பாருன்னேன். அப்பறம் பேசுவோம்."

முகர்ந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. வார்னிஷ் கருகிய வாடை அறை முழுக்க நின்றது. அரைகுறையாக எரிந்த ரப்பர் செருப்பும் புளித்த வெல்லமும் சேர்ந்த மாதிரி ஒரு வாடை. அந்த ஆண்டு மாசி மாதத்தில் செஞ்சிக்கே அதுதான் வாடை.

"இது நயினார் மோட்டார். மூணாவது வாட்டி எரிஞ்சிருக்குது. என் காயில் தப்பா, உங்க கரண்ட்டு தப்பா? ரெண்டுல ஒண்ணு சொல்லு. சொல்லாம நான் எழுந்து போவ மாட்டேன்."

அவர் உட்காரவே இல்லை. நின்றுகொண்டேதான் சொன்னார்.

விளைச்சல் வீடு சேரும் வரை

ஓய்வு பெற்றவனுக்கு இவ்வளவு கோபம் எதற்கு என்று சென்ற வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். என் டாக்டரும் அதையே கேட்கிறார். டாக்டருக்கு மாத்திரை எழுதத் தெரியும். வாசகருக்காக இந்த வாரம் ஜப்பார் பாயைப் பற்றி எழுதுகிறேன்.

செஞ்சியில் திருவண்ணாமலை சாலையில் அவருக்கு ஒரு கடை. பம்புசெட் மோட்டார்களுக்குச் செப்புக் கம்பி சுற்றுவது தொழில். காயில் கட்டுவது என்பார்கள். கிணற்றுக்குக் கிணறு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது; செஞ்சி துணைமின் நிலையம் என் பொறுப்பில் இருந்தது. கிணற்றில் தோல் சாலால் கவலை இறைத்த மாடுகளை விற்றுவிட்டு ஜனங்கள் மோட்டார் வாங்கினார்கள். மாடு படுத்துக்கொண்டால் வைத்தியனிடம் போனவர்கள், மோட்டார் படுத்துக்கொண்டால் பாயிடம் வந்தார்கள்.

வேறு ஊர்களிலும் காயில் கட்டுகிறவர்கள் இருந்தார்கள். ஆனால் பாயிடம் ஒரு வழக்கம் இருந்தது. அது வேறு எவரிடமும் இல்லை. மோட்டாரைக் கட்டி முடித்து, சுருளின் மேல் பச்சை நாடாவால் ஒரு முடிச்சுப் போடுவார். போட்டுவிட்டு, உடையவரின் முகத்தைப் பார்த்து, "வெளச்சல் வீடு சேர்ற வரைக்கும் என் பொறுப்பு" என்பார். அவ்வளவுதான். ரசீது கிடையாது, கையெழுத்து கிடையாது. அந்தப் போகம் அறுவடையாகி நெல் வீட்டுக்குப் போகும் வரை மோட்டார் எத்தனை முறை எரிந்தாலும் இலவசமாகக் கட்டித் தருவார்.

இலாகாவின் உத்தரவாதங்கள் பல பக்கம் ஓடும். முதல் பக்கத்தில் கொடுத்ததைக் கடைசிப் பக்கத்தில் திரும்ப வாங்கிக்கொள்ளும். பாயின் உத்தரவாதத்துக்குக் கடைசிப் பக்கமே கிடையாது.

பச்சை நாடா போட்ட மோட்டார் எரிவது அதுவரை எப்போதாவதுதான் நடந்தது. அதனால் அந்த வார்த்தை அவருக்குச் சுமையாக இல்லை. அந்த ஆண்டு தை பிறந்து நவரைப் பட்ட நெல்லுக்கு எல்லாக் கிணறும் இறைக்கத் தொடங்கியதும், மோட்டார்கள் வரிசையாகக் கருகின. பாயின் கடை வாசலில் அவை கசாப்புக் கடைத் தலைகள் மாதிரி அடுக்கிக் கிடந்தன.

கைச்சக்கரமும் பூட்டும்

காரணம் எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதல்ல. தெரிய வேண்டிய எல்லோருக்கும் எழுதியிருந்தேன்.

படிக்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். துணைமின் நிலையத்தின் பெரிய டிரான்ஸ்பார்மரில் ஒரு கைச்சக்கரம் உண்டு. அதற்கு ஐந்து நிலைகள். ஒன்றில் வைத்தால் ஊருக்குப் போகும் வோல்டேஜ் குறையும். ஐந்தில் வைத்தால் கூடும். இதற்கு டேப் என்று பெயர். பெருநகர நிலையங்களில் சுமைக்குத் தகுந்தபடி இதைத் தானாகவே திருப்பும் சாதனம் உண்டு. எங்களிடம் பூட்டு உண்டு. மொத்த ஊருக்கும் மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பூட்டைத் திறந்து, கையால்தான் திருப்ப வேண்டும். ஓடும்போது தொட்டால் தொட்டவன் சாம்பல்.

எனக்கு முன்னால் அங்கே இருந்தவர் அதை ஐந்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார். மோட்டார்கள் ஓடின. நானும் தொடவில்லை.

கார்த்திகையில், மழை ஓயாத ஒரு நாளில், தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. மாநிலம் முழுவதன் மின்தொடரமைப்பையும் கம்ப்யூட்டர் என்ற இயந்திரத்தில் ஏற்றிக் கணக்கிட்டாகிவிட்டது. அதன்படி செஞ்சி டிரான்ஸ்பார்மரின் டேப் இரண்டாம் நிலையில் இருக்க வேண்டும். உடனே மாற்றி அறிக்கை அனுப்பவும். மாற்றினேன். அறிக்கையும் அனுப்பினேன். அந்த மழையில் மோட்டார் ஓட்டுகிறவர் யாருமில்லை. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

தை பிறந்ததும் தெரிந்தது. பகலில் நானூறு வர வேண்டிய இடத்தில் முந்நூற்று இருபது வந்தது. மாட்டுக்குத் தீனி குறைந்தால் நடை குறையும். மோட்டாருக்கு அந்தப் புத்தி கிடையாது. வோல்டேஜ் குறைந்தால் கூடுதலாகக் கரண்ட் இழுத்து, அதே தண்ணீரைத் தூக்கப் பார்க்கும். தூக்கும்போதே சுருள் சூடேறிக் கருகிவிடும். மிகச் சிறந்த கைகள் கட்டிய சுருளும் அப்படித்தான் கருகும்.

என் லைன்மேன் கோவிந்தன் சாயங்காலத்தில் தெருவிளக்கைப் பார்த்துச் சொல்வான்: "இன்னா சார் இது, பல்பா, பழுத்த எலுமிச்சம்பழமா? பக்கத்துல ஒரு அரிக்கேன் வெளக்கு ஏத்தி வெச்சாத்தான் இது எரியுதான்னே தெரியும்போலக்குது."

வோல்ட்மீட்டரின் யாத்திரை

தை மாதமே எழுதினேன். டேப்பை ஐந்துக்கு மாற்ற அனுமதி வேண்டும், விதி மீறப்படுகிறது, மோட்டார்கள் எரிகின்றன என்று. கோட்டப் பொறியாளர் வழியாகத்தான் எழுத வேண்டும், அப்படித்தான் எழுதினேன்.

தலைமை அலுவலகத்தின் முதல் கேள்வி வந்தது. கணக்கின்படி செஞ்சியில் பகலிலும் வோல்டேஜ் திருப்திகரமாக உள்ளது, எனவே உங்கள் வோல்ட்மீட்டர் பழுதாக இருக்கலாம், சோதனைக்கு அனுப்பவும்.

அனுப்பினேன். மரப்பெட்டியில் வைக்கோல் வைத்து, கைக்குழந்தை மாதிரி பஸ்ஸில் அனுப்பினேன். அது போனது போனதுதான். மீட்டர் இல்லாத நிலையத்திலிருந்து அளவுகள் அனுப்ப முடியாது. அளவுகள் இணைக்கப்படாததால் என் இரண்டாவது கடிதம் பரிசீலிக்க இயலாததாகத் திரும்பி வந்தது. முறைப்படி பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. இலாகாவில் நடந்த எல்லாக் கொலைகளும் முறைப்படி நடந்தவைதான்.

ஆகவே ஜப்பார் பாய் என் மேஜையில் மோட்டாரை வைத்தபோது, பதில் சொல்ல நான் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"தப்பு எங்க கரண்ட்டு, பாய். உங்க காயில் இல்ல."

அவர் முகத்தில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"இத இங்க சொல்லி இன்னா புண்ணியம்? நாலு செவுருக்குள்ள சொல்லுற. நயினாரு கடத்தெருவுல நின்னு, பாய் அலுமினியக் கம்பியப் போட்டு ஏமாத்துறான்னு சொல்றாரு. அங்க வந்து சொல்லு."

கடைத்தெருவில்

ஜெயபால் நயினார் மேல்சித்தாமூர் பக்கத்துச் சமணக் குடும்பம். கெட்டவர் அல்ல. நாலு ஏக்கர் நவரை நட்டிருந்தார். ஓர் எறும்பை மிதித்தால் வருத்தப்படுகிற மனிதர். பாயை மட்டும் மிதித்துக்கொண்டிருந்தார். பொழுது சாய்வதற்குள் வீட்டில் சாப்பிட்டு முடிக்க வேண்டியவர் என்பதால் அவருடைய சண்டைகள் எல்லாம் மத்தியானத்தோடு முடிந்துவிடும். அதற்குள் நிறையப் பேசிவிடுவார்.

அரசு ஊழியன் இலாகாவைப் பற்றிப் பொது இடத்தில் குறை கூறக் கூடாது என்று நடத்தை விதி சொல்கிறது. அதுவும் எனக்குத் தெரியும். பாயோடு கடைத்தெருவுக்குப் போனேன். சந்தை நாள். மணிலாக்கொட்டை மூட்டைகளுக்கு நடுவே நயினார் நின்றிருந்தார்.

"வாங்க ஆபீசரே. இவரு உங்களையும் கூட்டியாந்துட்டாரா?"

"நயினார், பாய் போட்டது சுத்தமான செப்புக் கம்பி. கோளாறு எங்க வோல்டேஜில இருக்குது. நானே சொல்றேன்."

நயினார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கோளாறு உங்களுதுன்னா நீங்க ஏன் சரி பண்ணல?"

"மேலேருந்து உத்தரவு வரணும்."

"அப்பிடிப் போடு!" பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டீங்களா? தப்பு இவருதாம், ஆனா சரி பண்ண மாட்டாராம். இவரு எரிப்பாரு, அவரு கட்டுவாரு. ஒருத்தர் அடுப்பு, ஒருத்தர் சட்டி. நடுவுல வேவுறது நம்ம நெல்லு!"

சந்தை சிரித்தது. பாய் சிரிக்கவில்லை.

"நயினாரே, நான் உங்ககிட்ட இந்தப் போகத்துல காசு வாங்கினனா?"

"வாங்கல. வாங்காத ஆளத்தான் நம்பக் கூடாதுன்னு இப்பத் தெரிஞ்சிடுச்சு."

அன்றிலிருந்து பச்சை நாடாவை அவிழ்த்துக் கம்பியைச் சுரண்டிப் பார்ப்பது செஞ்சியில் ஒரு விளையாட்டாகிவிட்டது. அனந்தபுரத்துக்காரர் ஒருவர் கடை வாசலிலேயே உட்கார்ந்து பிளேடால் சுரண்டினார். உள்ளே செம்பு மின்னியது. "மேலாக்கப் பூசியிருப்பான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். உண்மையைச் சொல்லி ஒரு மனிதனுக்கு என்னால் செய்ய முடிந்த உதவி இதுதான்.

செருப்பைக் கழற்றிவிட்டு

அலுவல் நிமித்தம் சென்னைக்குப் போகப் பயண அனுமதி வேண்டும். அதற்கும் கோட்டப் பொறியாளரிடம்தான் எழுத வேண்டும். தற்செயல் விடுப்புக்குக் காரணம் 'சொந்த வேலை' என்று எழுதினால் போதும். அப்படி எழுதிவிட்டு, சொந்தக் காசில் திண்டிவனம் போய்ச் சென்னை பஸ் பிடித்தேன்.

கணக்கு நடந்த இடம் ஒரு கல்வி நிலையம். வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். தூசி ஆகாதாம். உள்ளே மார்கழிக் குளிர். இயந்திரம் பல பீரோக்களை ஒட்டி வைத்த மாதிரி நின்று, மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கும்பிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

எங்கள் இலாகாவின் இளம் பொறியாளர் ஒருவர் அங்கே இருந்தார். மரியாதையான பிள்ளை. கோபித்துக்கொள்ள வழியில்லாத ஆள். தாளைப் புரட்டினார்.

"உங்க ஸ்டேஷன்ல வோல்டேஜ் பிரமாதமா இருக்கே சார். பகல் கணக்குலயும் குறையவே இல்ல."

"பகல்ல முந்நூத்தி இருபதுதான் வருது."

"வராதே. லோடு ஏறினா உங்க டேப்பும் ஏறிடுமே. பகலுக்கு அஞ்சு, ராத்திரிக்கு ரெண்டு. இதோ பாருங்க."

"யார் திருப்புவா?"

"தானாத்தான்."

"தம்பி, அதுல பூட்டுத் தொங்குது. சாவி என்கிட்ட இருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஓர் இழுப்பறையிலிருந்து நீளமான அட்டை ஒன்றை எடுத்துவந்தார். ஒவ்வொரு டிரான்ஸ்பார்மருக்கும் ஓர் அட்டை. அட்டை முழுக்கச் சிறு சிறு துளைகள். துளைகளைத்தான் இயந்திரம் படிக்கும். ஒரு கட்டத்தைக் காட்டினார். அங்கே துளை இருந்தால், 'இந்த டேப் தானியங்கி, வோல்டேஜ் சரியாகும் வரை நீயே திருப்பிக்கொள்' என்று பொருள். துளை இல்லாவிட்டால், 'இது நிலையானது, தொடாதே' என்று பொருள்.

எங்கள் அட்டையில் துளை இருந்தது.

அதை வாங்கித் தூக்கிப் பிடித்து, துளை வழியாகப் பார்த்தேன். மறுபக்கம் குளிரூட்டிய அறையின் வெள்ளைச் சுவர் தெரிந்தது. செஞ்சி தெரியவில்லை.

இயந்திரத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறது. இரவுக் கணக்கில், சுமை குறைவாக இருப்பதால் டேப்பை இரண்டில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. பகலில் ஐந்துக்கு ஏற்றியிருக்கிறது. தலைமை அலுவலகத்தில் யாரோ ஒரு புண்ணியவான் இரவுத் தாளிலிருந்த இரண்டை மட்டும் எடுத்து உத்தரவாக எழுதியிருக்கிறார். பகல் தாளை எடுத்து, 'வோல்டேஜ் திருப்திகரம்' என்று எனக்குப் பதில் எழுதியிருக்கிறார். காகிதத்தில் நாள்தோறும் திரும்பிய சக்கரம், செஞ்சியில் இரண்டில் பூட்டிக் கிடந்தது.

"துளை போட்டது யார்?" என்று கேட்டேன்.

"கோட்ட ஆபீஸ்ல பூர்த்தி பண்ணி அனுப்பின படிவத்தைப் பார்த்துத்தான் சார் போட்டோம். ஆட்டோமாட்டிக்னு எழுதியிருந்தாங்க. அதை மாத்தணும்னா திருத்தின படிவம் அங்கேருந்தே வரணும். நானா மாத்த முடியாது. மெஷினும் நமக்கு மாசத்துல ஒரு நாள்தான் கிடைக்கும்."

வரப்போகிற டிரான்ஸ்பார்மர்

கோட்டப் பொறியாளரிடம் போனேன். பெயர் வேண்டாம். பென்ஷன் வாங்கிக்கொண்டு எங்கோ சௌக்கியமாக இருப்பார்.

"அடுத்த திட்டத்துல செஞ்சிக்கு ஆட்டோமாட்டிக் வருதுய்யா" என்றார். "வரப்போறதைத்தான் எழுதினோம். கணக்கு வருங்காலத்துக்கும் உதவணும் இல்லையா?"

"சார், வருங்காலத்துல எழுதினதுக்கு இப்ப மோட்டார் எரியுது."

"எழுதி அனுப்பியாச்சு. நான் கையெழுத்துப் போட்டாச்சு. இப்போ தப்புன்னு எழுதினா இன்னா நெனப்பாங்க?"

"தப்புன்னு நெனப்பாங்க."

அந்தப் பதிலை அவர் ரசிக்கவில்லை. திருத்திய படிவத்தில் கையெழுத்துப் போடவும் இல்லை. "பார்க்கலாம்" என்றார். ஆட்சி மொழிச் சட்டம் வருவதற்கு முன்பிருந்தே எங்கள் இலாகாவில் புழங்கிய ஒரே தமிழ்ச் சொல் அது.

சுத்தம் செய்யும் விதி

விதிகளால் அடிபட்டவன் விதிகளில்தான் மருந்தைத் தேட வேண்டும். தேடினேன். பராமரிப்புக் கையேட்டில் கிடைத்தது. டேப்பின் தொடுமுனைகளில் அழுக்குப் படியாமலிருக்க, ஆண்டுக்கொரு முறை மின்சாரத்தை நிறுத்தி, கைச்சக்கரத்தை ஒன்றிலிருந்து ஐந்து வரை சுற்ற வேண்டும். அந்த ஆண்டுக்கு அது பாக்கி இருந்தது.

பங்குனி நடுவில் முறைப்படி அறிவிப்புக் கொடுத்து, மின்சாரத்தை நிறுத்திப் பூட்டைத் திறந்தேன். ஒன்றிலிருந்து ஐந்துக்குச் சுற்றினேன். அத்துடன் கையேடு முடிந்துவிட்டது. திரும்ப இரண்டுக்குச் சுற்ற வேண்டும் என்று அதில் எழுதியிருக்கவில்லை. நானும் கையேட்டைத் தாண்டிப் போகிறவன் அல்ல. பூட்டிவிட்டேன்.

"சார், சக்கரம் அஞ்சுலயே நிக்குது" என்றான் கோவிந்தன்.

"தெரியும்."

"தெரிஞ்சா சரி" என்று சொல்லிவிட்டு, உலகத்தில் வேறு ஒன்றுமே நடக்காத மாதிரி பீடியைப் பற்றவைத்தான்.

மின்சாரம் கொடுத்த கொஞ்ச நேரத்தில் வயல்களிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதுவரை முக்கிக்கொண்டிருந்த மோட்டார்கள் சுதி கூட்டிக்கொண்ட சத்தம். மறுநாள் நயினார் நிலையத்துக்கு வந்தார். வேலிக்கு வெளியிலேயே நின்றார்.

"இன்னா பண்ணீங்க?"

"சுத்தம் பண்ணினோம்."

"தண்ணி வாமடையத் தாண்டி ஓடுது. அதே மோட்டாரு. அதே பாய் கட்டுன காயிலு." கொஞ்ச நேரம் டிரான்ஸ்பார்மரையே பார்த்தார். "அப்ப நான் பேசுனதெல்லாம்..." முடிக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். நெல் பால் பிடிக்கிற நேரம். அவருக்கு வயலை விட்டு நிற்க முடியவில்லை.

அந்த ஓட்டம் சில நாட்கள்தான் நீடித்தது. கோட்டப் பொறியாளர் குடும்பத்தோடு கோட்டை பார்க்க ஜீப்பில் வந்தார். ராஜகிரி ஏறுவதாகத் திட்டம். பாறைச் சூட்டில் பாதிக்கு மேல் முடியவில்லை. இறங்கி வந்தவர், குழந்தைகளுக்குத் தண்ணீர் வாங்க எங்கள் நிலையத்தில் ஜீப்பை நிறுத்தினார். குழந்தைகள் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் அவர் கண் சக்கரத்தின் மேல் விழுந்தது.

அரை மணி நேரத்தில் செஞ்சி இருண்டு, சக்கரம் இரண்டுக்குத் திரும்பி, அதன் மேல் ஈய முத்திரையும் விழுந்தது. உத்தரவுக்கு மாறாக டேப்பை மாற்றியது, சந்தையில் இலாகாவைக் குறை சொன்னது என்று இரண்டு குற்றச்சாட்டுகளோடு எனக்கு ஒரு குறிப்பாணையும் வந்தது. என் கடிதங்கள் எதற்கும் இவ்வளவு விரைவாகப் பதில் வந்ததில்லை.

அண்டா

அந்த வாரமே நயினாரின் மோட்டார் மறுபடி கருகியது.

இந்த முறை நயினார் கடைத்தெருவுக்கு வரவில்லை. பாயின் கடைக்கு வந்து, மோட்டாரைத் தரையில் வைத்துவிட்டு, தலையைக் குனிந்து நின்றாராம். நான் போனபோதும் அப்படியே நின்றிருந்தார்.

"கட்டிக் குடுன்னு கேக்க எனக்கு வாயி இல்ல, பாய்."

"கேக்க வாணாம். நான் சொன்ன வார்த்த இன்னும் முடியல. நெல்லு வயல்லதான இருக்குது."

ஆனால் கடையில் கம்பி தீர்ந்துபோயிருந்தது. செம்புக்குத் தட்டுப்பாடு இருந்த காலம். பர்மிட்டுக்கு எழுதினால் வர மாதங்களாகும். பாயின் வீட்டில் ஒரு பெரிய செப்பு அண்டா இருந்தது. செஞ்சியில் யார் வீட்டுக் கல்யாணமானாலும், எந்தச் சாதியானாலும், சோறு வடிக்க அந்த அண்டாதான் இரவல் போகும். மறுநாள் காலை அது சென்னை பஸ்ஸின் கூரையில் ஏறியது. பஸ் ஸ்டாண்டில் இருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள்.

"இன்னா பாய், மெட்ராஸ்ல கல்யாணமா?" என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

"ஆமாங்க" என்றார் பாய்.

திரும்பி வரும்போது கையில் கம்பிச் சுருள்கள் இருந்தன. கடை வாசலில் கிடந்த அத்தனை மோட்டாரையும் கட்டினார். ஒவ்வொன்றிலும் பச்சை நாடா. சுமை குறைவாக இருக்கும் விடியற்காலையில் மட்டும் ஓட்டச் சொல்லி நான் ஊர் ஊராகப் போய்ச் சொன்னேன். அதற்கு எனக்கு உத்தரவு தேவைப்படவில்லை. சித்திரையில் அறுவடையானது. முக்கால் பங்கு பதர் என்றார்கள் சிலர். பாதி தேறியது என்றார்கள் சிலர். நயினாருக்குப் பாதி தேறியது.

களத்திலிருந்து நெல் வீட்டுக்குப் போன அன்று, நயினார் சந்தையில் மூட்டைகளுக்கு நடுவே நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பாயப் பத்தி நான் இங்கதான் பேசினன். தப்பாப் பேசிட்டன். இங்கயே சொல்றன்." பிறகு ஒரு மூட்டைப் புது நெல்லோடு கடைக்குப் போனார். நானும் போனேன்.

பாய் கடையின் பெயர்ப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னா பாய் இது? நான்தான் சொல்லிட்டனே!"

"கேட்டன். நீங்க பேசுனதுக்காவ போவல, நயினாரே." ஆணியைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டார். "அடுத்த போகத்துக்கு இன்னொருத்தர் மோட்டாரத் தூக்கிக்கினு வருவாரு. கட்டுவன். நாடா போடுவன். அப்பறம் அவரு மொகத்தப் பாத்து இன்னான்னு சொல்றது? விக்கறதுக்கு இன்னொரு அண்டா இல்ல."

"ஒண்ணும் சொல்லாத. சும்மா கட்டிக் குடு. எல்லா ஊருலயும் அப்பிடித்தான பண்றான்?"

"பண்றாங்க. வார்த்த குடுக்காம தொழில் பண்ண எனக்குத் தெரியாது."

என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. நான் இலாகா. அவர் அப்படி நினைத்ததில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

வைகாசியில் கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் சம்பளத்துக்குச் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டேன். மில் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் வேலை. அங்கே யாருக்கும் வார்த்தை கொடுக்க வேண்டியதில்லை. எனக்கு அந்த ஆண்டுச் சம்பள உயர்வு நின்றது. கோட்டப் பொறியாளர் பதவி உயர்வில் போனார். அவருக்குப் பின் வந்தவருக்கு அந்தப் படிவத்தின் மேல் எந்த மானமும் இல்லை. முதல் வாரமே திருத்திக் கையெழுத்துப் போட்டுவிட்டார். இளம் பொறியாளர் புதிய அட்டை அடித்தார். இயந்திரத்தின் முறை வந்தது, கணக்கு ஓடியது, தாள் தலைமை அலுவலகம் போனது, அங்கிருந்து வரவேண்டிய வழியில் வந்தது.

'செஞ்சி துணைமின் நிலைய டிரான்ஸ்பார்மரின் டேப்பை ஐந்தாம் நிலைக்கு மாற்ற இதன்மூலம் அனுமதி அளிக்கப்படுகிறது. விவசாயிகளின் அவசரத் தேவையை முன்னிட்டு இன்றே நிறைவேற்றவும். இது குறித்து மேற்கொண்டு கடிதப் போக்குவரத்து தேவையில்லை.'

தபால்காரர் அதைச் சட்டைக்குள் வைத்து நனையாமல் கொண்டுவந்தார். கிணறுகள் வாய் வரை நிரம்பிக் கிடந்தன. வட்டாரத்தில் ஒரு மோட்டாரும் ஓடவில்லை. முகப்பில் தேதி முத்திரை குத்தி, எதிரே என் கையெழுத்தைப் போட்டேன்: ஐப்பசி, அடைமழை, தீபாவளிக்கு முதல் நாள்.